தனியாகப் போகிறவருக்கு எந்த டென்ட்?

"இதுவரை நண்பரோடு இருவர் டென்ட்டில்தான் படுத்திருக்கிறேன். இனி தனியாக நாலைந்து நாள் நடைக்குப் போகப்போகிறேன். இரண்டு டென்ட் மனதில் இருக்கிறது. ஒன்று ஒற்றைச் சுவர், அதாவது ஒரே துணிதான், டிரெக்கிங் கம்பை ஊன்றி நிறுத்துவது, 900 கிராம். இன்னொன்று இரட்டைச் சுவர், அதாவது உள்ளே வலை, மேலே மழைத்துணி, தன் கம்பிகளில் தானே நிற்பது, ஒன்றரைக் கிலோ. என் உயரம் 178 செ.மீ. முதுகில் ஏறும் எடைதான் முதல் கணக்கு, மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். தப்பா?"

ஜனவரி 6, இரவு

"மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 600 கிராம் வித்தியாசம் என்பது அரை லிட்டர் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம். முதல் நாள் ஏற்றத்தில் அது நிச்சயம் தெரியும். ஆனால் இருவராகப் போனால் ஒருவர் துணியைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் முளை அடிப்பார். ஒருவர் டென்ட் போட்டு முடிப்பதற்குள் மற்றவர் தண்ணீர் பிடித்து வந்துவிடுவார். தனியாகப் போனால் அந்த இரண்டு கைகள் இல்லை. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: மழை பெய்துகொண்டிருக்கிறது, காற்று அடிக்கிறது, இருட்டப்போகிறது, விரல் விறைத்திருக்கிறது, பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த டென்ட்டை எத்தனை நிமிடத்தில், உள்ளே நனையாமல் நிறுத்துவீர்கள்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் ஒருவர் டென்ட், உள்வலையை முதலில் நிறுத்தி அதன் மேல் மழைத்துணியைப் போர்த்தும் வகை. வெயில் நாளில் அருமையான டென்ட். ஒரு முகட்டுக்குக் கீழே மாலை ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. உள்வலையை நிறுத்தி நாலு மூலையும் அடிப்பதற்குள் வலை வழியே மழை நேராக உள்ளே இறங்கிவிட்டது. மழைத்துணியை உதறி விரித்தால் காற்று பிடுங்குகிறது. ஒரு மூலையை மாட்டிவிட்டு மறுபக்கம் ஓடினால் மாட்டிய மூலை கழன்றுகொள்கிறது. ஒருவழியாக மூடிவிட்டு உள்ளே தலையை நீட்டினால் தரைத்துணி தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் உள்ளே வராத தரை என்றால் உள்ளே விழுந்த தண்ணீரும் வெளியே போகாது. கையகலத் துண்டால் ஒற்றி, வெளியே கை நீட்டிப் பிழிந்து, மறுபடி ஒற்றி, நாற்பது நிமிடம் போனது. அதற்குள் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. இன்னொருவர் கூட இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதனால் மழைத்துணி முதலில் நிற்க வேண்டும், அல்லது இரண்டும் கோத்தபடி சேர்ந்தே நிற்க வேண்டும். சேர்ந்தே நிற்கும் முறையை ஹில்லெபர்க் என்ற ஸ்வீடன் டென்ட் நிறுவனம் 1973-லேயே கொண்டுவந்துவிட்டது. அவர்களுடைய ஆக்டோ என்ற ஒருவர் டென்ட் 1995-இல் வந்தது, நடுவில் ஒரே ஒரு வளைவுக் கம்பி. டிரெக்கிங் கம்பில் நிற்பவை பெரும்பாலும் மழைத்துணி முதலில் நிற்பவைதான். ஆக, இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு உங்கள் 900 கிராம் டென்ட்டுக்கே.

ஜனவரி 7

நேற்று எழுதும்போது எடையை அப்படியே ஏற்றுக்கொண்டேன், அது சரியில்லை. அந்த 900 எந்த 900? அட்டையில் பெரும்பாலும் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று உள்வலை, மழைத்துணி, கம்பி மட்டும். இன்னொன்று பையோடு, முளையோடு, கயிறோடு எல்லாம் சேர்ந்தது. பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது. நான் இப்போது வைத்திருப்பதை வீட்டுத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். அட்டையில் 1.05 கிலோ. முளை எட்டு, தலைக்கு 12 கிராம் வீதம் 96. இழுகயிறுகள் 34. பைகள் 40. அடியில் விரிக்கும் தாள் 120. மொத்தம் 1.34 கிலோ. முளை இல்லாமல் எந்த டென்ட்டும் காற்றில் நிற்காது, ஆகவே முதுகில் ஏறுவது 1.34 தான்.

இரண்டு டென்ட்டுக்கும் ஒரே வகை எடையை எடுத்துக்கொண்டு திரும்பக் கணக்குப் போடுங்கள். 600 கிராம் வித்தியாசம் 400 ஆகவும் குறையலாம், 700 ஆகவும் ஏறலாம்.

ஜனவரி 7, மாலை

ஒன்று விட்டுப்போனது. நீங்கள் கம்பு ஊன்றி நடப்பவரா? இல்லையென்றால் டென்ட்டுக்காகவே ஒரு கம்போ இரண்டோ சுமக்க வேண்டும், அந்த எடையும் கணக்கில் சேரும். ஊன்றி நடப்பவர் என்றால் கம்பு எப்படியும் கையில் இருக்கிறது, அது இலவசம். ஆனால் டென்ட் போட்டபிறகு சும்மா ஒரு குன்றில் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் கம்பை உருவ முடியாது. உருவினால் வீடு விழுந்துவிடும். எனக்கு மாலையில் அப்படிச் சுற்றும் பழக்கம் உண்டு, அதனால் இது எனக்குக் கொஞ்சம் பெரிய விஷயம். உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம்.

ஜனவரி 9

178 செ.மீ. பற்றி. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எடையைவிட இது தூக்கத்தைக் கெடுக்கும்.

டென்ட்டின் நீளம் 215 என்று போட்டிருந்தால் 178-க்கு தாராளம் என்றுதான் தோன்றும். மல்லாந்து படுத்தால் பாதம் நீளும், தலையணை தலைக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளும், ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் உப்பலாக இருக்கும். 178 என்பது 195-ஐத் தொட்டுவிடும். காற்று ஊதும் மேட் 8 செ.மீ. உயரம் என்றால் உடம்பே 8 செ.மீ. மேலே போகிறது, சுவர் சாய்வாக இருப்பதால் மேலே போகப்போக நீளம் குறைகிறது. கடைசியில் ஸ்லீப்பிங் பேக்கின் நுனி சுவரில் ஒட்டிக்கொள்ளும். இரட்டைச் சுவரில் அது வலையைத் தொடும், வலை மழைத்துணியைத் தொடாதவரை பரவாயில்லை. ஒற்றைச் சுவரில் நேராக ஈரத்தைத் தொடும். பறவை இறகு அடைத்த பேக் என்றால், நனைந்த இறகு கட்டி கட்டியாகச் சேர்ந்து, கால் பக்கம் வெறும் துணி மட்டும் மிஞ்சும்.

வாங்கும் முன் நான் செய்வது இது. தரையில் மேட்டை ஊதிப் போட்டு, டென்ட்டின் நீள அகலத்தை அதைச் சுற்றிச் சாக்பீஸால் வரைந்துகொள்வேன். ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்து படுத்துப் புரளுவேன். பிறகு எழுந்து உட்கார்ந்து, தரையிலிருந்து உச்சந்தலை வரை எவ்வளவு என்று யாரையாவது அளக்கச் சொல்வேன். உங்கள் உயரத்துக்கு மேட்டோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். டென்ட்டின் உயரம் 110 என்று போட்டிருக்கும், ஆனால் அந்த 110 எந்த இடத்தில்? கம்பு நிற்கும் இடத்தில். உங்கள் தலை அங்கேயா இருக்கும்? சிக்ஸ் மூன் டிசைன்ஸின் லூனார் சோலோ ஒரே கம்பில், 124 செ.மீ. உயரத்தில் நிற்பது, கம்பு வாசல் பக்கம் தள்ளி நிற்கிறது, அதனால் நடுவில் உட்கார நன்றாக இடம் இருக்கிறது, ஆனால் தலைமாடும் கால்மாடும் சரிந்து இறங்குகின்றன. டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 2018-இல் வந்தபோது எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், வெளித்துணி செவ்வகம், உள்ளே படுக்கும் இடம் அதற்குள் கோணலாக, இரண்டு கம்பும் ஒன்றுக்கொன்று எதிர் மூலையில் தள்ளி. முகத்துக்கு நேர் மேலே கம்பும் இல்லை, காலுக்கு மேலே சரிவும் அவ்வளவாக இல்லை. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது ஒரு காகிதத்தை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உட்கார இடம் வேண்டும் என்பதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். மழையில் ஒரு நாள் முழுக்க உள்ளேயே இருக்க நேர்ந்தால், முழங்கையில் சாய்ந்தபடி எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? ஈரச் சட்டையை மாற்றுவது, காலில் கொப்புளத்துக்குக் கட்டுப்போடுவது, வரைபடம் பார்ப்பது எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை.

ஜனவரி 12

இப்போது ஒற்றைச் சுவர். இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, அதனால் நீளமாக எழுதுவேன்.

ராத்திரி முழுக்க மூச்சு விடுகிறோம், தோலிலிருந்தும் ஈரம் போகிறது, கூட்டிப் பார்த்தால் ஒரு டம்ளர் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். தரையிலிருந்தும் புல்லிலிருந்தும் வரும் ஈரம் தனி. வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் இரவில் டென்ட்டின் துணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ந்த துணியில் ஈரக் காற்று பட்டால் வியர்க்கத்தான் செய்யும், குளிர்ந்த பாட்டில் வெளியே வியர்ப்பது போல. ஆகவே ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்று சொல்வது பாதிதான் உண்மை. திறந்து வைத்தாலும் அந்த மாதிரி இரவில் வியர்க்கும்.

ஒரு ஏரிக்கரையில் படுத்த இரவு அப்படி. நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது, இலைகூட அசையவில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்து டார்ச்சைப் போட்டால், தலைக்கு மேலே துணி முழுக்கக் கடுகளவு துளிகள், வரிசை வரிசையாக. விரலால் ஒன்றைத் தொட்டேன், அது பக்கத்துத் துளியோடு சேர்ந்து, இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு, கோடாக இறங்கித் தையலில் நின்றது. அந்த நேரம் பார்த்து லேசாக ஒரு காற்று வந்து துணியை ஒரே ஒரு தடவை உதறியது. முகத்தில் தூறல். ஸ்லீப்பிங் பேக் மேல் முழுக்கத் தூறல். காலையில் பேக்கின் மேல்பக்கம் ஈரம், சுருட்டிக் கட்டி அதே ஈரத்தோடு சுமந்து, அன்று இரவு அதே ஈரத்துக்குள் படுத்தேன். ஒரு நாள் என்றால் காயவைத்துக்கொள்ளலாம். நாலைந்து நாள் நடையில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

இரட்டைச் சுவரிலும் மழைத்துணி இதே மாதிரிதான் வியர்க்கும். நடுவில் உள்வலை இருப்பதால் துளி உங்கள் மேல் விழாது, பெரும்பாலும் வலையில் வழிந்து ஓரத்துக்குப் போய்விடும். அந்த வலைக்குத்தான் கூடுதல் எடை. நாலைந்து நாள் நடைக்கு ஒற்றைச் சுவர் வேண்டாம், அவ்வளவுதான்.

ஜனவரி 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். எட்டு வருடமாக ஒற்றைச் சுவரில் படுத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய இரவுகளில்தான் நனைந்திருக்கிறாராம். அவர் கேட்ட கேள்வி: ஏரிக்கரையில் யார் உங்களைப் படுக்கச் சொன்னது?

நேர்மையாகச் சொன்னால் பதில் இல்லை. அழகாக இருந்தது, படுத்தேன். தண்ணீர் பக்கம், பள்ளமான இடம், திறந்த வானம், மூன்றும் சேர்ந்து வாய்த்த இடம் அது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். முப்பது நாற்பது மீட்டர் மேலே ஏறி மரத்தடிக்குப் போயிருந்தால், மரக்கிளை வானத்தை மறைத்திருக்கும், துணி அவ்வளவு குளிர்ந்திருக்காது. அடுத்த வருடம் அதே ஒற்றைச் சுவரை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் படுத்தபோது உள்ளே கை வைத்தால் காய்ந்துதான் இருந்தது. அந்த இரவை நேற்று எழுதும்போது நான் நினைக்கவே இல்லை. இடத்தின் குற்றத்தையும் டென்ட்டின் மேலேயே போட்டுவிட்டேன்.

ஆக, "ஒற்றைச் சுவர் வேண்டாம்" என்பதை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: படுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற நடை என்றால் ஒற்றைச் சுவர் போதும். இருட்டும் நேரத்தில் கிடைத்த இடத்தில் படுக்க வேண்டிய நடை என்றால், புதிதாகத் தனியாகப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். எட்டு வருடப் பழக்கம் உள்ளவருக்கு மூன்று மணிக்கே இடம் தேடத் தொடங்க வேண்டும் என்று தெரியும். முதல் தடவை போகிறவர் ஆறரை மணி வரை நடந்துகொண்டிருப்பார்.

மரத்தடி என்றதும் இன்னொன்று. படுக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் அங்கே வேண்டாம், அது எவ்வளவு நல்ல நிழலாக இருந்தாலும்.

ஜனவரி 18

துணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 20 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூலின் எடை 20 கிராம். அவ்வளவு மெல்லிசு. 15-உம் உண்டு, 10-உம் உண்டு. எண் குறையக் குறைய எடை குறையும், கல்லில் உரசினால் கிழியும் பயம் கூடும். தரைக்கு 20-க்குக் கீழே போனால் அடியில் ஒரு தாள் விரித்துக்கொள்வது நல்லது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது நைலானா பாலியெஸ்டரா என்பது. நைலான் தன் எடையில் சுமார் 4 சதவீதம் ஈரத்தைச் சாதாரணக் காற்றிலேயே பிடித்துக்கொள்ளும், பாலியெஸ்டர் சுமார் 0.4 சதவீதம்தான். ஈரம் பிடித்த நைலான் நீளும். மாலையில் தம்புரா நரம்பு மாதிரி விறைப்பாக நின்ற டென்ட், நடுராத்திரி மழையில் தொய்ந்து, சுவர் முகத்துக்கு அரை அடி பக்கத்தில் வந்து நிற்கும். தானே நிற்கும் டென்ட்டில் கம்பியின் விறைப்பு கொஞ்சம் ஈடுகட்டும். டிரெக்கிங் கம்பு டென்ட்டில் எழுந்து போய்க் கயிற்றை இழுத்துக் கட்டத்தான் வேண்டும், அல்லது உள்ளேயிருந்தபடி கம்பை இரண்டு செ.மீ. நீட்ட வேண்டும். நைலானின் பக்கமும் சொல்ல வேண்டும்: அதே எடைக்குக் கிழியாமல் தாங்குவதில் அது பாலியெஸ்டரைவிடக் கெட்டி. ஆனாலும் டிரெக்கிங் கம்பு டென்ட் என்றால் என் கை பாலியெஸ்டருக்குத்தான் போகும். தூக்கத்தில் எழுந்து மழையில் நின்று கயிறு கட்டியவர்களுக்கு இது புரியும்.

டைனீமா என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். பந்தயப் படகுகளின் பாய்க்காக வந்த துணிவகை அது. நீளாது, தண்ணீர் குடிக்காது, எடை ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் உரசல் தாங்காது, மடித்தால் சின்னதாகச் சுருங்காது, விலையோ மற்றவற்றைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் மூச்சு நிற்கும். முதல் ஒருவர் டென்ட்டாக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 19

சிறு குறிப்பு. இருபுறமும் சிலிக்கான் பூசிய துணியில் தையலுக்கு மேல் டேப் ஒட்டாது. அப்படிப்பட்ட டென்ட் சில நேரம் தையல் அடைக்காமலே வரும். வாங்குபவர்தான் சிலிக்கான் பசையைக் கரைப்பானில் இளக்கி, தூரிகையால் ஒவ்வொரு தையல் மேலும் தடவிக் காயவிட வேண்டும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மழையில் படுத்தபிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

ஜனவரி 19, இரவு

நாயோடு போகிறவர் தனியாகப் போகிறவரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டென்ட் கணக்கில் இல்லை, இருவர் டென்ட் எடுங்கள். நாய் நடுவில்தான் படுக்கும், நீங்கள் ஓரத்தில்தான் படுப்பீர்கள். நகத்துக்கு 15 டெனியர் தரை தாங்காது, கெட்டியாக ஒரு விரிப்பு உள்ளேயும் போடுங்கள்.

ஜனவரி 27

இடையில் மூன்று நாள் நடந்துவிட்டு வந்தேன், இந்தக் கேள்வியை மண்டையில் வைத்துக்கொண்டே. "தானே நிற்கும்" என்பதற்கு மனதுக்குள் நிறைய மதிப்பெண் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

இரண்டாம் நாள் படுத்த இடம் ஒரே பாறை. முளை அரை அங்குலம்கூட இறங்காது. அங்கே என் தானே நிற்கும் டென்ட் நின்றது, சரி. ஆனால் வாசல் பக்கத் திண்ணையை, அதாவது மழைத்துணி வாசலுக்கு வெளியே நீளும் பகுதியை, இழுத்துக் கட்ட முளை வேண்டும், காற்றுக்கு இழுகயிறு வேண்டும். பையை உள்ளே வைக்கும் முன் அடித்த ஒரு காற்றில் டென்ட் நாலு அடி உருண்டது, எட்டிப் பிடித்தேன். தானே நிற்கும் என்றால் தானே பறக்கும் என்றும் அர்த்தம். கடைசியில் ஆறு இடத்தில் கல் வைத்துக் கட்டினேன். கல்லால் அந்த ஆறு கட்டுப் போட முடியும் என்றால் டிரெக்கிங் கம்பு டென்ட்டையும் அதே இடத்தில் நிறுத்தியிருக்கலாம், அதற்கு அடிப்படையில் நாலிலிருந்து ஆறு முளை போதும்.

கல் கட்டுவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பலர் கயிற்றைப் பெரிய கல்லில் நேராகச் சுற்றிக் கட்டி, கூர்மையான விளிம்பில் அதை அறுத்துக்கொள்கிறார்கள். கயிற்றின் நுனியில் பெரிய கண்ணி போட்டு, அதைக் கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கல்லில் மாட்டுங்கள். சின்னக் கல்லை டென்ட்டிலிருந்து தள்ளிக் கயிறு விறைக்கும் தூரத்தில் வையுங்கள். அதற்கும் டென்ட்டுக்கும் நடுவில், கயிற்றின் மேலே, தூக்க முடிந்த அளவு பெரிய கல்லை வையுங்கள். காற்று இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லின் முதுகில் போய் முட்டி நிற்கும். பெரிய கல்லைக் கயிறு சுற்றவே தேவையில்லை. மணலில் என்றால் ஒரு குச்சியைப் படுக்கவைத்து நடுவில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மேலே மிதியுங்கள்.

"தானே நிற்கும்" என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிக் ஆக்னஸின் காப்பர் ஸ்பர் முழுதாகவே நிற்கும். அதே நிறுவனத்தின் ஃப்ளை க்ரீக்கில் கால்பக்கம் ஒரே கம்பி, அந்த இரண்டு மூலையையும் முளைதான் விரிக்க வேண்டும். உங்கள் ஒன்றரைக் கிலோ எந்த வகை?

ஜனவரி 28

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், அப்படியானால் கம்பு முறிந்தால் என்ன செய்வது என்று கேட்டது நியாயம். ஒற்றைக் கம்பில் நிற்கும் டென்ட்டில் கம்பு முறிந்தால் வீடே இல்லை. காய்ந்த கிளை ஒன்றை வெட்டாமல் பொறுக்கி ஊன்றலாம், மேலே மரக்கிளையில் கயிறு கட்டித் தூக்கலாம், மரம் இருந்தால். வளைவுக் கம்பி முறிந்தால் விரல் நீள அலுமினியக் குழாய் ஒன்றை முறிவின் மேல் நழுவவிட்டு இருபக்கமும் டேப் சுற்றினால் மிச்ச நாட்கள் ஓடிவிடும். பல டென்ட்டுகளில் அந்தக் குழாய் கூடவே வரும், எடை குறைக்கிறேன் என்று அதை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பிப்ரவரி 2

இருவர் டென்ட்டையே தனியாக வைத்துக்கொள்ளலாமே என்பதற்கு: வைத்துக்கொள்ளலாம். அதே வகையில் ஒருவருக்கும் இருவருக்கும் இடையே பெரும்பாலும் 200, 300 கிராம்தான் கூடும். பை உள்ளே வரும், ஈரச் சாமான் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம். குளிரில் மட்டும் ஒருவர் டென்ட் கொஞ்சம் கதகதப்பு. அப்புறம் இடம். மலைச்சரிவில் சமமாக இருக்கும் துண்டு நிலம் சில நேரம் ஒரு கட்டில் அளவுதான். அங்கே ஒருவர் டென்ட் உட்காரும், இருவர் டென்ட் உட்காராது. எக்ஸ்-மிட் மாதிரி வெளித்துணி அகலமாக விரிகிறவையும் இங்கே இடறும், மேலே அதைப் புகழ்ந்தபோது இதைச் சொல்லாமல் விட்டேன்.

திண்ணையில் அடுப்பு வைப்பது பற்றி இரண்டு பேர் சாதாரணமாக எழுதியிருக்கிறார்கள், எனக்குப் பகீரென்றது. வாசலை முழுக்கத் திறந்து, காற்று ஓட்டம் இருந்து, தீ துணிக்கு எட்டாத தூரத்தில் என்றால்கூட யோசிப்பேன். மூடிய திண்ணையில் ஒருபோதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, தலைவலி வந்து சுதாரிப்பதற்குள் கை கால் ஓயும். கூட இருப்பவர் எழுப்பிவிடுவார் என்பது தனியாகப் போகிறவருக்கு இல்லை.

பிப்ரவரி 11

கேட்டவர் முடிவு சொல்லிவிட்டார்: இரண்டுமே இல்லை. டிரெக்கிங் கம்பில் நிற்கும் இரட்டைச் சுவர், பாலியெஸ்டர், எல்லாம் சேர்த்துத் தராசில் 1.1 கிலோ. தரையில் கோடு போட்டுப் படுத்துப் பார்த்தாராம், ஒன்றரைக் கிலோ டென்ட்டில் கால் இடித்ததாம். எனக்கு ரொம்ப சந்தோஷம். முதல் நாளே நான் இதைச் சொல்லியிருக்கலாம். இந்த ஒரு மாதம் எழுதி எழுதித்தான் எனக்கே அந்த இடத்துக்கு வரத் தெரிந்தது.

போகும் முன் மூன்று தடவை போட்டுப் பழகுங்கள். ஒரு தடவை பகலில், ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரி இருட்டில், ஒரு தடவை மழையில் அல்லது யாரையாவது குழாயால் தண்ணீர் அடிக்கச் சொல்லி. அந்த மூன்றாவதில் எந்தத் தையல் ஒழுகுகிறது என்றும் தெரிந்துவிடும். முதல் இரவு பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே படுங்கள், ஏதாவது தப்பாகப் போனால் திரும்பி நடக்கும் தூரத்தில்.

வந்ததும் காயவையுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைக்கே. ஒரு தடவை நான் ஈரத்தோடு சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தேன். உள்பக்கம் பூசியிருந்த பாலியூரிதேன் பிசுபிசுத்து, துணியின் ஒரு மடிப்பு இன்னொரு மடிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் பழைய டேப்பை உரிக்கிற சத்தம். புளித்த வாடை அறை முழுக்க. முதல் தனி நடையில் என்னோடு இருந்த டென்ட் அது, தூக்கிப் போட மனமே வரவில்லை. நிழலில் காயவைத்து, இறுக்கிச் சுருட்டாமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். வெயிலில் நாள் கணக்கில் விடாதீர்கள், நைலானும் பாலியெஸ்டரும் வெயிலில் வலு இழக்கும்.

பிப்ரவரி 20

முதல் இரவே கம்பு மெல்ல இறங்கி டென்ட் தொய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். துணியின் குறை இல்லை அது. உங்களுடையது திருகிப் பூட்டும் கம்பு என்றால் உள்ளே மண்ணோ ஈரமோ போய் நழுவியிருக்கும். பிரித்துத் துடைத்துக் காயவைத்து மறுபடி திருகிப் பாருங்கள். கொக்கிப் பூட்டு என்றால் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், கால் சுற்று இறுக்குங்கள். அடியில் மண் இளகியிருந்தால் தட்டையான கல் ஒன்றின் மேல் கம்பை நிறுத்துங்கள், நுனி புதையாது. டென்ட்டுக்கு வேண்டிய உயரத்தில் கம்பில் ஒரு சுற்று வெள்ளை டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் எண்ணைத் தேட வேண்டாம், டேப் தெரியும் வரை இழுத்துப் பூட்டினால் போதும்.